றிசீவரின் பெயரைப் பார்க்கும் முன் பின்தகட்டைப் பாருங்கள்

கேள்வி: மாங்குளத்துக்கு அருகே வீட்டுத்திட்ட வீடொன்றில் வசிக்கிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் அத்தான், தொலைக்காட்சியின் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹோம் தியேட்டர் றிசீவர் ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். யமஹா, டெனன், ஓங்கியோ, சோனி ஆகியவற்றில் எதை வாங்கச் சொல்வது?

பதில்: இந்த நான்கில் எதையும் ரொறன்ரோவில் வாங்க வேண்டாம் என்று அத்தானிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், நமக்கு 230 வோல்ற். அங்கே விற்கும் றிசீவரின் பின்தகட்டில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அதை நம் வீட்டுச் சுவரில் செருகினால், உள்ளே இருக்கும் பெரிய மின்மாற்றி தாங்காது. அதன் சுருளுக்குள் புதைந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் முதலில் போய்விடும், அதை வெளியே எடுத்து மாற்றுவது இலகுவான வேலையன்று. கைத்தொலைபேசியின் சார்ஜரும் மடிக்கணினியின் சார்ஜரும் எந்த நாட்டிலும் வேலை செய்வதைப் பார்த்துப் பழகியவர்கள் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும்படி செய்யப்பட்டவை. றிசீவர் அப்படிச் செய்யப்பட்டதன்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சில நாடுகளுக்கென யமஹா அனுப்பும் சில மாதிரிகளின் பின்புறத்தில், வோல்ற்றேஜைத் தெரிவு செய்யும் சிறிய ஆளி ஒன்று இருக்கும். திருப்புளியால் அதைத் திருப்பி 220–240 என்ற இடத்தில் வைத்துவிட்டால் அந்த றிசீவர் நமக்கு உதவும். ஆனால் கனடாவின் கடையில் உள்ள மாதிரியில் அந்த ஆளி இராது. ஒரே மாதிரி இலக்கம் இருப்பதால் ஆளியும் இருக்கும் என்று எண்ண வேண்டாம், ஒரே இலக்கத்தை நாட்டுக்கு நாடு வெவ்வேறு மின்மாற்றியுடன் விற்கிறார்கள். ஆளி இருந்தாலும், முன்பு வைத்திருந்தவர் அதை 110 இல் விட்டிருக்கலாம். ஆகவே சுவரில் செருகிய பின் அன்று, செருகுவதற்கு முன்பே அதைப் பார்க்க வேண்டும். கண்ணால் ஆளியைக் காணாமல் ‘இரண்டு கரண்டிலும் ஓடும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வன்னியில் இந்தப் பேச்சு அதிகம். கப்பலில் வந்த பாவித்த ஜப்பான் பொருள் என்று வாகனத்தில் கொண்டுவந்து வீட்டு வாசலில் விற்கும் தரகர்கள், பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 13 அம்பியர் பிளக் ஒன்றைப் பூட்டித் தருகிறார்கள். ஜப்பானின் மின்சாரமோ இன்னும் குறைவு, 100 வோல்ற். பிளக் புதிதாகவும் வயர் பழையதாகவும் இருந்தால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். வோல்ற்றேஜைக் குறைக்கும் மின்மாற்றியைக் கூடவே தருகிறோம் என்பார்கள். பெட்டியின் மேல் எழுதிய அளவைத் தாங்காத மின்மாற்றிகளே பெரும்பாலும் அப்படிக் கைமாறுகின்றன. மேலும், வீட்டில் யாரோ ஒருவர் தவறுதலாக நேரே சுவரில் செருகிவிட்டால் எல்லாம் அத்தோடு முடிந்தது.

ஆகவே இங்கேயே, முகவர் மூலம் இறக்குமதியான 230 வோல்ற் றிசீவரை, தொடர் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துப் பயனில்லை. பற்றுச்சீட்டு இருந்தாலும், உத்தரவாதத் திருத்தத்துக்குப் பெட்டியைப் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் அனுப்பச் சொல்வார்கள். எட்டு, பத்துக் கிலோ பெட்டியை ஏ9 வீதியில் பேருந்தில் ஏற்றி முந்நூறு கிலோமீற்றர் கொண்டுபோவது யாருடைய செலவு? விற்பதற்கு வன்னி வரை வருபவர்கள் திருத்துவதற்கு வவுனியாவிலாவது ஓர் இடம் ஏன் வைப்பதில்லை என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவிட்டேன், பதில் கிடைக்கவில்லை. போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்து வாங்குங்கள்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். டெனனும், றிசீவர் செய்யும் இன்னொரு பெயரான மராண்ட்ஸும் 2002 முதல் ஒரே குடையின் கீழ் இருப்பவை. ஓங்கியோவின் தாய் நிறுவனம் 2022 மே மாதத்தில் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. பெயர் வேறு கைகளில் தொடர்ந்தாலும், பழைய மாதிரிகளை இங்கே வாங்க நான் சொல்லமாட்டேன். யமஹா, டெனன், சோனி மூன்றுமே உங்களுக்குப் போதும். அறைக்கேற்ப ஒலியைத் தானே அளந்து சரிசெய்யும் ஒலிவாங்கி வழக்கமாக மூன்றுடனும் வரும். உங்கள் ஊருக்கு அருகே எந்த முகவர் பொருளைப் பொறுப்பேற்கிறாரோ, அவருடையதை எடுங்கள்.

வாற் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். சோனியின் ஒரு மாதிரிக்குப் பெட்டியில் 145 வாற் என்றிருக்கும். ஒரு ஸ்பீக்கரை மட்டும், ஒரே சுருதியில் ஒலிக்கவிட்டு எடுத்த கணக்கு அது. இரண்டு ஸ்பீக்கர்களுடன் முழு ஒலிப் பரப்பிலும் அளந்தால் அதே றிசீவருக்கு 90 வாற்தான். பெயர் தெரியாத பெட்டிகளில் 5,000 வாற் என்று எழுதியிருப்பதோ வெறும் பொய். 13 அம்பியர் பிளக்கும் 230 வோல்ற்றும் சேர்ந்து தரக்கூடியது 2,990 வாற் மட்டுமே, சுவரிலிருந்து வராத மின்சாரம் ஸ்பீக்கருக்கு எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டுக் கூடத்துக்கு 80 வாற் தாராளம்.

ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஒன்றும் கொண்ட 5.1 அமைப்போடு நின்றுவிடுங்கள். தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டொல்பி அற்மோஸுக்கென்று மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவை சமதளமான, கெட்டியான சீலிங்கில் ஒலியைத் தெறிக்கவைத்துத்தான் வேலை செய்யும். சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரையின் கீழ் அவை வீண் செலவு. இடி முழக்கம் கேட்டதும் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள், ட்ரிப் சுவிட்ச் மின்னலைத் தடுக்காது.

அத்தான் வெறுங்கையோடு வரவேண்டியதில்லை. சாதாரண ஸ்பீக்கர்களுக்குச் சுவர் மின்சாரம் தேவையில்லை என்பதால், கனடாவில் நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கி வரச் சொல்லுங்கள். பின்புறத்தில் 6 அல்லது 8 ஓம் என்று இருந்தால் போதும். சப்வூஃபரை மட்டும் விட்டுவிடட்டும், அதற்குத் தனிப் பிளக் உண்டு, அங்கே அதுவும் பெரும்பாலும் 120 வோல்ற்தான்.