ஆச்சியிடம் கேளுங்கள்: "நீ என்ன மேஸ்திரியா?"

கேள்வி: ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் கற்களைத் தரம் பிரித்துக் கட்டும் வேலை எனக்கு. ஒரே வீட்டுக்குப் போகிற சிவப்புக் கல் இரண்டு நிறமாக வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் ஏச்சு எனக்குத்தான். கலவை போடும் அண்ணன்களிடம் சொன்னால், "நீ என்ன மேஸ்திரியா?" என்கிறார்கள். மேஸ்திரியோ முதலாளிக்கு உறவுக்காரர். நான் என்ன செய்ய, ஆச்சி?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: "இல்லை அண்ணே" என்று சிரித்தபடி சொல்லிவிடு, மகளே. அந்த இடத்தில் வாதாடினால் கல்லை விட்டுவிட்டு கௌரவத்துக்குச் சண்டை போடுவீர்கள்.

எங்கள் பட்டறைக்கு நான் கணக்குப் பார்த்த காலத்தில் கண்ணாடி கழுவ ஒருவர் இருந்தார். எல்லாரையும்விடக் கூலி குறைவு. ஆனால் காலையில் அச்சு வைக்கும் முன் அத்தனை பேரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நம் கல்லைக் கண்ணாடி மேல்தானே வார்க்கிறோம், அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லின் முகத்திலும் கீறல். தேறாத கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார், அவ்வளவுதான். யாரையும் ஒரு சொல் திட்டியதில்லை. அவர் ஒதுக்கியதை மேஸ்திரிகூடத் திரும்ப எடுத்ததில்லை.

ஒருவர் சொல்லை மற்றவர் ஏன் கேட்கிறார் என்பதற்கு ஐந்து காரணங்களை 1959-இல் ஜான் பிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற உளவியலாளர்கள் வகுத்தார்கள். பதவி, பரிசு, தண்டனை மூன்றும் உன் மேஸ்திரி கையில். மிச்சம் இரண்டு, தொழிலறிவும் அபிமானமும். அவற்றை முதலாளியால்கூடத் தர முடியாது, பறிக்கவும் முடியாது.

உன்னிடம் என்ன அறிவு இருக்கிறது என்று யோசித்தாயா? கலவை போடுகிறவர் பார்ப்பது ஈரக் கலவையை. தொட்டியில் ஊறிக் காய்ந்து நிறம் தெளிந்தபின் கல் வந்து சேர்வது உன்னிடம். தான் வார்த்த கல் எப்படி முடிந்தது என்பதே அந்த அண்ணனுக்குத் தெரியாமல் இருக்கலாம்! காய்ந்த கல்லின் பின்புறம் அதை வார்த்த நாளைக் குறித்து வை. மாறிய கல்லையும் சரியான கல்லையும் அருகருகே வைத்து, டீ நேரத்தில் அவரை மட்டும் தனியே கூப்பிடு. "இது ஏன் அண்ணே வெளுத்துவிட்டது?" என்று கேள். சாயத்தைக் குறைத்துவிட்டார் என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகாதே. தண்ணீர் கூடினாலும் சிமெண்ட் நிறம் வெளுக்கும். யாரோ அளவுக் குவளையை மாற்றியிருக்கலாம். காரணத்தை அவரே சொல்லட்டும், அளவையும் அவரே வைக்கட்டும். மேஸ்திரியிடம் பேசும்போது "அண்ணன் வைத்த அளவு" என்றே சொல். அது உண்மைதானே?

மேஸ்திரியைத் தாண்டி முதலாளியிடம் ஓடாதே. அவர் அசையவே இல்லை என்றால், "முதலாளியிடம் இந்தக் கற்களைக் காட்டலாமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போ. முதலாளிக்கு உறவுக்காரர் என்பதால் எதிரி ஆகிவிடமாட்டார். திரும்பி வரும் கல் அவர் குடும்பத்துக்கும் நஷ்டம்.

இன்னொன்று. நிறம் ஒழுங்குக்கு வந்ததும் எல்லாரும் உன்னையே கேட்கத் தொடங்குவார்கள். மேஸ்திரி வேலையில் பாதி உன் தலையில் விழும், கூலி மட்டும் பழையதாகவே இருக்கும். இப்படிப் பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவது நம் ஊரில் புதிதல்ல. அப்போது வாய்விட்டுக் கேள். திரும்பி வந்த கல் முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்று மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் முதலாளியிடம் பேசுவது சுலபம்.