அழுகை வரும் ஆள் ஜூரியில் உட்காரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை வாங்கினேன். அதற்குள் ஜூரி கடமைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச் சொல்லி சம்மன் வந்துவிட்டது, கூடவே நீளமாக ஒரு கேள்வித்தாள். நான் அதிகம் பேசாத ஆள். யாராவது கண்ணைக் கசக்கினால் எனக்கும் அழுகை வந்துவிடும். "உன்னை உட்கார வைத்தால் எல்லாரையும் விடுதலை பண்ணிவிடுவாய்" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஒருவருடைய சுபாவத்தால் தீர்ப்பே மாறிப்போகுமா? நான் லாயக்கில்லை என்று நானே நீதிபதியிடம் சொல்லிவிடலாமா?

பதில்: கேலி செய்பவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இளகிய மனசு ஆள் பார்த்து இளகாது. குற்றம் சாட்டப்பட்டவரின் தாய் பின்வரிசையில் உட்கார்ந்து அழும்போது இளகும் அதே மனசு, அடிபட்டவர் சாட்சி சொல்லத் தொடங்கிக் குரல் உடையும்போதும் இளகும். அப்புறம் தீர்ப்பு எந்தப் பக்கம் போகும்? சுபாவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்ல முடியாது. ஜூரி தேர்வில் வக்கீல்களுக்கு யோசனை சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தவன் இதைச் சொல்வது, என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது போலத்தான். ஆனாலும் உண்மை அதுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி கால்வன், ஹான்ஸ் ஸைசல் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கு அடிக்கல். 3,576 குற்ற வழக்குகளை எடுத்துக்கொண்டு, அந்தந்த வழக்கை நடத்திய நீதிபதியிடம், "ஜூரி இல்லாமல் நீங்களே முடிவு செய்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டார்கள். 100-க்கு 78 வழக்குகளில் நீதிபதியின் முடிவும் ஜூரியின் முடிவும் ஒன்றாக இருந்தன. யோசித்துப் பாருங்கள். முன்கோபி, சாது, கஞ்சன், வெகுளி என்று பன்னிரண்டு பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தும், வாழ்நாள் முழுக்கச் சட்டம் படித்தவரின் முடிவுக்கே பெரும்பாலும் வந்து சேர்கிறார்கள். காரணம் எளிது: பெரும்பாலான வழக்குகளில் சாட்சியம் ஏதோ ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்திருக்கிறது.

நீதிபதியும் ஜூரியும் மாறுபட்ட வழக்குகளில்தான் விஷயம் இருக்கிறது. சாட்சியம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கிறபோது, ஜூரர்கள் தங்கள் மனச்சாய்வுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று கால்வனும் ஸைசலும் கண்டார்கள். தராசு சமமாக நிற்கும்போது ஒரு ஈ வந்து உட்கார்ந்தாலும் முள் அசையும் அல்லவா? சுபாவம் அந்த ஈ. ஒரு தட்டில் பத்து கிலோ கூடுதலாக இருந்தால் ஈ எங்கே உட்கார்ந்தால் என்ன.

சுபாவங்களில் அதிகம் ஆராயப்பட்டதும், ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கதும் ஒன்று உண்டு. அதிகாரச் சார்பு மனோபாவம் என்பார்கள். "எதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும், மேலே இருப்பவர்கள் சொன்னால் காரணம் இருக்கும், தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும்" என்று நினைக்கும் மனசு. இப்படிப்பட்டவர்கள் குற்றவாளி என்று சொல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்று மாதிரி ஜூரிகளை (நிஜ வழக்கில்லாமல் ஒத்திகைபோல உட்கார வைத்த குழுக்களை) வைத்துச் செய்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தண்டனையும் கூடுதலாகக் கேட்பார்கள். சரி, அப்படியானால் அரசுத் தரப்பு இவர்களைத் தேடிப் பிடித்து உட்கார வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் கணக்கு பிசகுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கைதியை அடித்ததாக வழக்கு. இப்போது அதே மனோபாவம் அவர் பக்கம் சாயும். சுபாவம் மாறவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

"உலகத்தில் நல்லவனுக்கு நல்லதும் கெட்டவனுக்குக் கெட்டதும்தான் நடக்கும்" என்ற நம்பிக்கையும் இப்படித்தான் இரண்டு பக்கமும் வெட்டும். இதை ஆழமாக நம்புகிறவர் குற்றவாளிமீது கடுமையாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து "இவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள்?" என்றும் கேட்கலாம். யோசிப்பதில் ருசி உள்ளவர்கள் வாதத்தின் பலத்தைப் பார்ப்பார்கள், அதில் அலுப்புள்ளவர்கள் நிபுணர் சாட்சியின் பட்டங்களைப் பார்த்தே நம்பிவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு உண்டு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சுபாவத்தைவிட நன்றாகத் துப்புக் கொடுப்பது எது என்றால், அந்த வழக்கின் விஷயத்தைப் பற்றி ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் எண்ணம். "குற்றம் பெருகுவதற்குக் காரணம் கெட்ட மனிதர்களா, கெட்ட சூழ்நிலையா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில், அவர் வயது, படிப்பு, சம்பளம் எல்லாவற்றையும்விட அதிகம் சொன்னது என்று 1970-களில் மைக்கேல் சாக்ஸ் செய்த ஆய்வில் தெரிந்தது. அதுகூடச் சிறிதளவுதான் சொன்னது. 1983-இல் காஸினும் ரைட்ஸ்மனும் ஜூரர்களின் சாய்வை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் "நீங்கள் கூச்ச சுபாவமா?" என்கிற மாதிரிக் கேள்விகளுக்கு வேலையில்லை. போலீஸ் ஒருவரைப் பிடித்தால் அவர் செய்திருக்கத்தான் வேண்டும் என்று எவ்வளவு தூரம் நினைக்கிறீர்கள், குற்றவாளி என்று சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும் என்று நினைக்கிறீர்கள், இந்த இரண்டையும் சுற்றித்தான் அது. யாரோ இரண்டு பேருக்கு உங்களைப் போல இளகிய மனசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் போன மாதம் திருடன் புகுந்திருந்தால், திருட்டு வழக்கில் அவர்கள் இருவரும் ஒரே மாதிரி ஜூரர்கள் அல்ல.

1972-இல் ஹாரிஸ்பர்க் நகரில் ஒரு பெரிய வழக்கு. வியட்நாம் போரை எதிர்த்த ஏழு பேர்மீது சதிக் குற்றச்சாட்டு. அவர்கள் தரப்புக்கு உதவ ஜே ஷுல்மன் தலைமையில் சமூகவியலாளர்கள் வந்து, ஊர் மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தி, எப்படிப்பட்டவர்களை ஜூரியில் சேர்க்கலாம், எப்படிப்பட்டவர்களைக் கழிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். முக்கியக் குற்றச்சாட்டில் ஜூரி 10-2 என்று விடுதலை பக்கம் நின்று முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. எங்கள் தொழிலில் இதைப் பெரிய வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். ஆனால் எதிராக நின்ற அந்த இரண்டு பேரும் இவ்வளவு கணக்கையும் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள் என்பதை யாரும் அழுத்திச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, உங்கள் அழுகையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதிகம் பேச மாட்டேன் என்றீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒருவர் மனசில் எடுக்கும் முடிவைச் சுபாவம் மாற்றுவது குறைவு. பூட்டிய அறைக்குள் யார் பேசுகிறார்கள், யார் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதில் அது நிறையவே விளையாடும்.

ஒரு முறை மாதிரி ஜூரி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான விசாரணைக்கு முன்னால் வக்கீல்கள் ஒத்திகை பார்ப்பதற்காக, சாதாரண ஜனங்களில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்து நடத்துவது. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கடைக்குத் தீ வைத்தாரா என்பது வழக்கு. உள்ளே போனதும் கோட்டு போட்ட ஒருவர் நேராக மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ "நீங்களே தலைமை ஜூரராக இருங்களேன்" என்றார்கள். மூன்றாவது நிமிடம் "முதலில் கை தூக்கிவிடுவோம், சீக்கிரம் முடியும்" என்றார். ஒன்பது கைகள் குற்றவாளி என்று உயர்ந்தன. மீதி மூவரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "சரி, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுத்தவர் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் மிஞ்சியது கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தபோது, மடியில் வைத்திருந்த தாளைப் பார்த்து, "காமிராவில் அவர் கடையைப் பூட்டிய நேரமும் பக்கத்துக் கடைக்காரர் புகை பார்த்ததாகச் சொன்ன நேரமும் எனக்குப் பொருந்தவில்லை" என்றார். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நல்ல கேள்வி. ஆனால் கேட்ட நேரம் தப்பு. ஒன்பது பேர் ஏற்கெனவே கை தூக்கிவிட்டார்கள், தூக்கிய கையை இறக்க யாருக்கும் மனசில்லை.

இது அந்த ஒரு அறையில் மட்டும் நடந்த விசேஷம் இல்லை. 1950-களில் ஃப்ரெட் ஸ்ட்ராட்பெக் குழுவினர் மாதிரி ஜூரிகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான குழுக்களில் மொத்தப் பேச்சில் பாதியோ அதற்கு மேலோ பன்னிரண்டு பேரில் மூன்றே பேருடையதாக இருந்தது. மேஜையின் தலைமாட்டில் உட்காருபவரைத் தலைமை ஜூரராக்கும் வழக்கமும் அப்போதே கண்டதுதான். முதல் வாக்கெடுப்பில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, பத்தில் ஒன்பது வழக்குகளில் தீர்ப்பும் அந்தப் பக்கமே என்று கால்வனும் ஸைசலும் எழுதினார்கள். இந்தக் கணக்கைக் கேட்டு "அப்படியானால் விவாதமே வீண்" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் வாக்குக்கு முன்னால் பேசியது வீண் போகாது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். 1983-இல் ஹேஸ்டி, பென்ராட், பென்னிங்டன் மூவரும் 69 மாதிரி ஜூரிகளைக் கவனித்து, எடுத்தவுடன் கை தூக்கிவிட்டு அப்புறம் சண்டை போடும் குழு ஒரு வகை, முதலில் சாட்சியத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கை தூக்கும் குழு இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாவது வகைதான் தோது.

அதனால் உள்ளே போனதும் உங்களிடமிருந்து வர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "கை தூக்குவதற்கு முன் ஒரு சுற்று எல்லாரும் பேசிவிடுவோமா?" இதற்குப் பெரிய தைரியம் வேண்டாம், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது சந்தேகத்தைத் தாளைப் பார்த்தே படியுங்கள். விசாரணையின்போது குறிப்பெடுக்க நீதிபதி அனுமதித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வேறுபடும். முடிந்தால் கதவோர நாற்காலி வேண்டாம்.

எல்லாரும் உங்கள் முடிவை மாற்றச் சொல்லி நெருக்கினால்? அமெரிக்காவில் கடுமையான குற்ற வழக்குகளில் தீர்ப்பு ஒருமனதாக இருந்தால்தான் செல்லும். 2020-இல் ராமோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களுக்கும் உறுதி செய்தது. அதற்கு முன் ஆரெகன் மாநிலத்தில் பெரும்பாலான குற்ற வழக்குகளில் 10-2 என்று வந்தாலும் தண்டிக்கலாம். அப்படி இருந்தபோது, தயங்கும் இரண்டு பேரை மற்றவர்கள் சட்டை செய்யாமலே முடித்துவிட முடிந்தது. இப்போது முடியாது, உங்களுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். யாராவது காரணம் சொல்லி உங்கள் சந்தேகத்தைத் தீர்த்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. நேரமாகிவிட்டது என்பது காரணமில்லை.

இனி கேள்வித்தாளுக்கு வருவோம். தேர்வு நாளில் நீதிபதியும் இரு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்பார்கள். நியாயமாக இருக்க முடியாது என்று தெரிந்தால் நீதிபதி நீக்குவார், அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அதற்கு மேல், காரணம் சொல்லாமலே சிலரை நீக்கும் உரிமை பெரும்பாலான நீதிமன்றங்களில் வக்கீல்களுக்கு உண்டு. மரண தண்டனை இல்லாத பெரிய குற்ற வழக்குகளில், மத்திய நீதிமன்றத்தில் அரசுத் தரப்புக்கு 6, எதிர்த்தரப்புக்கு 10. இனத்தைக் காரணமாக வைத்து நீக்கக்கூடாது என்று 1986-இலும், ஆண் பெண் என்று பார்த்து நீக்கக்கூடாது என்று 1994-இலும் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. சாது, முன்கோபி என்று பார்த்து நீக்கத் தடையில்லை. அப்படி உங்களை யாராவது நீக்கினால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊகம் பல நேரம் ஜோசியம்தான், நானே நிறையச் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு அழுகை வரும், நான் லாயக்கில்லை" என்று நீங்களாகப் போய்ச் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் நீதிபதி அநேகமாக ஒரே கேள்விதான் கேட்பார்: "அழுகை வந்தாலும், சாட்சியத்தையும் நான் சொல்லும் சட்டத்தையும் மட்டும் வைத்து முடிவு செய்ய முடியுமா?" இதற்கு என்ன பதில் என்று வீட்டிலேயே நிதானமாக யோசித்துவிட்டுப் போங்கள். சுபாவத்தை வர்ணிக்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்: உங்களுக்கோ நெருங்கியவருக்கோ இதே மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா, போலீஸில், நீதிமன்றத்தில், மருத்துவமனையில் யாராவது வேலை செய்கிறார்களா, இந்தச் செய்தியை ஏற்கெனவே படித்தீர்களா. எல்லார் முன்னும் சொல்ல முடியாத விஷயம் என்றால், நீதிபதியிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சத்தியப் பிரமாணத்துக்குப் பிறகு சொல்வது என்பதால், தப்பிக்கவோ உள்ளே வரவோ பதிலை வளைக்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. விவாதத்தின் நடுவில் ஏதாவது சாட்சியத்தை மறுபடி கேட்க வேண்டியிருந்தாலோ, சட்டம் புரியாவிட்டாலோ, யாராவது எல்லை மீறிக் கத்தினாலோ, நீதிபதிக்குச் சீட்டு எழுதிக் கதவுக்கு வெளியே நிற்கும் நீதிமன்றக் காவலரிடம் (பெய்லிஃப்) கொடுக்கலாம். எல்லார் முன்னும் பேசத் தயங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எத்தனை பேர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை மட்டும் அந்தச் சீட்டில் எழுதிவிடாதீர்கள்.