மரத்தில் ஏறாமல் அதன் உயரத்தை அளப்பது எப்படி? மீட்டரில் சொல்வதா, சென்டிமீட்டரில் சொல்வதா?

எங்கள் கொல்லையில் அப்பா வைத்த தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்து, குருத்து சாய்ந்துவிட்டது. உச்சி உள்ளுக்குள் உளுத்திருக்கும் என்று சொல்லி, மரம் ஏறுபவர் ஏற மறுத்தார். அது நியாயம்தான். அடியில் வெட்டிச் சாய்ப்பது ஒன்றே வழி. ஒரு பக்கம் 12 மீட்டரில் வீட்டுச் சுவர், எதிர்ப்பக்கம் 18 மீட்டரில் வேலி. மரத்தின் உயரம் தெரியாமல் அரிவாளைத் தொட முடியாது.

நான் செய்தது நிழல் கணக்கு. தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சியை நேராக நட்டேன். காலை எட்டரை மணி இருக்கும். குச்சியின் நிழல் 1.25 மீட்டர், மரத்தின் நிழல் 18.5 மீட்டர். 18.5ஐ 1.25ஆல் வகுத்தால் 14.8. அவ்வளவுதான் கணக்கு. கவனம் வேண்டியது வேறு இடங்களில். இரண்டு நிழலையும் அடுத்தடுத்து உடனே அளக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்தால் நிழல் நகர்ந்திருக்கும். தரை சமமாக இருக்க வேண்டும். மரம் சாய்ந்திருந்தால் அடிமரத்திலிருந்து அளக்கக் கூடாது, உச்சிக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து அளக்க வேண்டும். நம் ஊரில் உச்சிவெயில் நேரம் இதற்கு ஆகாது. நிழல் காலடியில் சுருங்கிவிடும், சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

நிழல் பக்கத்து வீட்டுக் கூரையில் விழுகிறதா? சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு பக்கம் தரைக்கு இணையாகவும், மற்றது கண்ணுக்கு எதிர்முனையில் நெட்டுக்குத்தாகவும் இருக்கட்டும். அதன் ஓரமாக, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் கை சாய்வது தெரியும். நீளப் பக்கத்தின் வழியே பார்த்துக்கொண்டே, உச்சி அதே கோட்டில் வரும்வரை பின்னால் நகருங்கள். நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். எனக்கு 13.5 மீட்டரும் 1.5 மீட்டரும் சேர்ந்து 15 வந்தது.

இப்போது அலகு. 14.8 மீட்டரை 1480 சென்டிமீட்டர் என்று எழுதினாலும் கணக்கு தப்பில்லை, ஆனால் அது நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். குச்சி நிழலில் 1 சென்டிமீட்டர் பிசகினால் மரத்தின் உயரத்தில் 12 சென்டிமீட்டர் மாறிவிடும். அதோடு சூரியன் ஒரு புள்ளி இல்லை, வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நிழலின் நுனி 30 சென்டிமீட்டருக்குமேல் மங்கித்தான் இருக்கும். அது எங்கே முடிகிறது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஆக, ‘சுமார் 15 மீட்டர்’ என்பதே நேர்மையான பதில். பள்ளி வீட்டுப்பாடத்துக்கும் இதையே எழுதச் சொல்வேன்.

நாற்று என்றால் சென்டிமீட்டர்தான். அடிமரச் சுற்றளவும் அப்படியே. நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், நாடாவைச் சுற்றி அளப்பார்கள். நாடா தொடும் இடத்தில் சென்டிமீட்டருக்கு அர்த்தம் உண்டு. கலிபோர்னியாவின் ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் மரத்தை (நம் ஊர்ச் செம்மரம் இல்லை) 2006இல் 115.55 மீட்டர் என்று இரண்டு தசம இடம் வரை சொன்னார்களே, அதுவும் இப்படித்தான். உச்சிக்கே ஏறி அங்கிருந்து நாடாவைத் தொங்கவிட்டு அளந்தது அது.

வெட்ட வந்தவர் கேட்டது, “எத்தனை அடி சார் இருக்கும்?” மீட்டரை 3.28ஆல் பெருக்கினால் அடி. “ஐம்பது அடி வச்சுக்குங்க” என்றேன். அவர் கயிற்றின் நீளத்தையும் ஆட்கள் நிற்கும் தூரத்தையும் அடியில்தான் யோசிக்கிறார், அவரிடம் 14.8 என்று சொல்லி என்ன பயன்?

கயிறு கட்டி வேலிப் பக்கம் சாய்த்தார்கள். வேலி தப்பியது. கிடந்த மரத்தை நாடா போட்டு அளந்தேன். அடிக்கட்டையோடு சேர்த்து, மட்டைகள் கிளம்பும் இடம் வரை 13 மீட்டர் 20 சென்டிமீட்டர். அதற்கு மேல் அளக்க முடியவில்லை, விழுந்த வேகத்தில் மட்டைகள் எல்லாம் நொறுங்கிப்போயிருந்தன.