சமணர் மலை ஏற ‘அனுமதிக் கட்டணம்’ உண்டா?

கேள்வி: 68 வயது அம்மாவுக்கு மீனாட்சியம்மன் தரிசனம் முடித்து, மறுநாள் கீழக்குயில்குடி சமணர் மலைச் சிற்பங்களைப் பார்க்க ஆசை. முழங்கால் வலி உண்டு. வேன் ஏற்பாடு செய்பவர், தொல்லியல் துறை அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து ஆளுக்கு 600 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். சமணர் மலைக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. ரசீது கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அனுமதி தேவைப்படுவது கேமராவைத் தாங்கும் முக்காலிக்கு (ட்ரைபாட்). கைபேசியிலோ கையில் பிடித்த கேமராவிலோ தாராளமாகப் படம் எடுக்கலாம். முக்காலி வைத்தால், அல்லது சினிமா, விளம்பரம் என்று எடுத்தால், மத்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். சும்மா பார்க்க வருபவருக்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது. புரோக்கர்கள் இதைத்தான் எல்லோருக்குமானதாகத் திரித்துக் காசு பார்க்கிறார்கள். 1958ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தையும் தண்டனையையும் பலகையில் எழுதும் துறை, ‘பார்வையிடக் கட்டணம் இல்லை’ என்பதையும் மலையடிவாரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். இதற்கு எத்தனை காலம் வேண்டும்?

முதலில் செட்டிப்புடவு என்ற குகைக்குப் போங்கள், ஏற்றம் குறைவு. குகை வாசலருகே அமர்ந்த நிலையில் பெரிய தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் அருகர்). உள்ளே, சிங்கத்தின் மேலேறி யானை வீரனோடு போரிடும் இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம். கால் ஒத்துழைத்தால், அய்யனார் கோயில் பக்கமிருந்து மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்துக்கு ஏறலாம். சுனையோரப் பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். சிற்பங்களில் ஒன்றை, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

எழுத்து தெரியவில்லையென்று சாக்பீஸோ மாவோ தேய்க்க யாரையும் விடாதீர்கள். துகள் வரிப்பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும், தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு மழுங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். கும்பிடலாம், எண்ணெயும் கற்பூரமும் வேண்டாம். எண்ணெயில் தூசி படியும், கற்பூரக் கரி கல்லைவிட்டுப் போகாது.

காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். பிறகு பாறை சுடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மழை பெய்த மறுநாள் வழுக்கும், அன்று வேண்டாம். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான். ஊன்றுகோல் கொண்டு போங்கள். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பிரியும் வழி ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். போக, வர, வெயிட்டிங் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி, திரும்பி வந்து இறங்கிய பிறகு கொடுங்கள்.