புளி மிஷினுக்கு ஒரு பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் மண்டையை உடைத்துப் புளியில் கொட்டை எடுக்கும் மிஷின் ஒன்று செய்தேன். ஓடு நீக்கிக் காயவைத்த பழத்தை மேலே கொட்டினால் உள்ளே சுற்றும் கம்பிகள் அடித்துக் கொட்டையைத் தனியாகத் தள்ளிவிடும். இதுவரை நான்கு விற்றிருக்கிறேன். வரும் சீசனுக்குள் பெயர் எழுதித் தகடு அடிக்கவேண்டும். கோயம்புத்தூரில் படிக்கும் மகன், புளிக்கு ஆங்கிலத்தில் டேமரிண்ட் என்பதைச் சுருக்கி, 'டேம் மாஸ்டர் புரோ' என்கிறான். அதியமான் ஆண்ட தகடூர் மண்ணாச்சே என்று எனக்கு 'ஔவை' பிடித்திருக்கிறது. மச்சான் 'புளியரசன்' என்கிறார். மிஷினில் வேலை செய்யும் பெண்கள் கேலியாகக் 'கொட்டாப்புளி' என்கிறார்கள், அதை விடுங்கள். மூன்றில் எது நன்றாக இருக்கும்? இல்லை, மனதில் ஒட்டுகிற மாதிரி நீங்களே ஒன்று சொல்லமுடியுமா? கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் கேட்டு எழுதிய கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும் வேண்டாம் என்கிறீர்கள். சரி, அப்படியே ஆகட்டும்.

பெயர் வைப்பதில் எனக்குக் கைராசி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு தருமபுரியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஏழெட்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர். எண் கொடுத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது என்று ஆறுகளின் பெயரை வைத்தேன். சர்வர் பெரியது, அதனால் காவிரி. மற்றவை வாணியாறு, சின்னாறு, நாகாவதி, தொப்பையாறு என்று போயின. ஒரு வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். அப்புறம் சர்வர் படுத்துக்கொண்டது. "சார், காவிரி வரல" என்று ஒரு மேசையிலிருந்து குரல். "மேல தொறந்துவிட்டாதான் வரும்" என்று இன்னொரு மேசை. அது நின்றபோதெல்லாம் இதே கச்சேரி. அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். தொப்பையாறு மேலாளரின் மேசைக்குப் போயிருந்தது. சத்தியமாக வரிசைப்படிதான் கொடுத்தேன், அவருடைய உடம்பை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த மாதம் எல்லாம் பிசி 1, பிசி 2 ஆகிவிட்டன.

பிறகுதான் தெரிந்தது, இந்த விஷயத்துக்கென்றே இணையப் பொறியாளர்கள் 1990இல் ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறார்கள். ஆர்எஃப்சி 1178 என்று அதற்கு எண். கம்ப்யூட்டருக்கு உன் பெயரை வைக்காதே, அது இப்போது செய்யும் வேலையின் பெயரை வைக்காதே, நீளமாக வைக்காதே, பிறர் சங்கடப்படும்படி வைக்காதே என்று போகும். விதிவிலக்குக்கும் எப்போதும் இடம் உண்டு என்று முடித்திருப்பார்கள். மேலாளர் கண்ணில் அது படாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இதில் வேலையின் பெயரை வைக்காதே என்பது உங்கள் மச்சானுக்கு. வேலை மாறும், பெயர் மாறாது. இன்று புளி. நாளைக்கே சல்லடையை மாற்றி அதே மிஷினில் வேறு எதையாவது போட்டுப் பார்க்காமல் இருப்பீர்களா? பட்டறைக்காரர்களை எனக்குத் தெரியும். அப்போது புளியரசன் என்ன ஆவார்?

உன் பெயரை வைக்காதே என்ற விதியைத்தான் நான் முழுதாக நம்பவில்லை. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்கிற ஆங்கிலேயரின் பெயரெழுத்து. 1945இல் கம்பெனி தொடங்கியவர். இன்று எந்தக் கம்பெனி மிஷின் வந்து குழி தோண்டினாலும் நமக்கு அது ஜேசிபிதான். செய்தித்தாளுக்கு மட்டும் பொக்லைன், அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். பக்கத்து ஓசூரில் செய்கிற டிவிஎஸ்ஸும் நிறுவனரின் பெயரெழுத்துதானே? அதே ஓசூரில் டைட்டன் இருக்கிறது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் ஆங்கில முதலெழுத்துகளையும் ஒட்டவைத்துச் செய்த பெயர். தெரியாதவருக்குக் கிரேக்கப் புராணம், தெரிந்தவருக்கு ஒப்பந்தப் பத்திரம். அப்படிப் பொருந்துவது லட்சத்தில் ஒன்று.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. டாடா ஏஸ் என்ற வண்டி 2005இல் வந்தது. கம்பெனி கூடிப் பேசி வைத்த பெயர் ஏஸ். வடக்கே அதைச் சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டியானை என்றோம். மண்டியில் யாராவது "ஏஸ் ஒண்ணு கூப்பிடு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சென்னை மெட்ரோவில் சுரங்கம் தோண்டும் மிஷின்களுக்கு நீலகிரி, ஃபிளமிங்கோ என்றெல்லாம் அழகான பெயர்கள் வைத்தார்கள். அவை நிலத்துக்கடியில் இருப்பதால் யாரும் கூப்பிடவேண்டிய அவசியம் வரவில்லை. உங்கள் மிஷினை ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவார்கள், அதுவும் மோட்டார் ஓடும்போது.

அதனால் நான் பார்ப்பது இரண்டு சோதனைதான். ஒன்று, பெயர் வேற்றுமை உருபு ஏற்கவேண்டும். "குட்டியானைய வரச்சொல்லு", "ஜேசிபிக்கு டீசல் ஊத்து" என்று வாய் தடுக்காமல் வருகிறது. "டேம் மாஸ்டர் புரோவுல கொட்டுடி" என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே அது 'டேமு' ஆகிவிடும், கேட்பவர்கள் கிருஷ்ணகிரி டேமை நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது சோதனை 'காரர்'. நம் ஊரில் மிஷினைத் தேடி யாரும் வருவதில்லை, மிஷின்காரரைத் தேடித்தான் வருகிறார்கள். ஜேசிபிக்காரர், குட்டியானைக்காரர், போர்வெல் வண்டிக்காரர். ஆக, நீங்கள் மிஷினுக்கு வைக்கும் பெயர் கொஞ்ச நாளில் உங்கள் பெயராகிவிடும். கடிதத்தில் உங்கள் பெயரை மறைத்துப் பயனில்லை. ஔவைக்காரர் என்று உங்களை யாராவது கூப்பிட்டால் நன்றாக இருக்குமா? எனக்கும் ஔவை பிடிக்கும். அதியமான் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்ததைப் பாடியவள், புறநானூற்றில் 99ஆம் பாட்டு. ஆனால் பல் போன கிழவியாக நாம் மனதில் வைத்திருப்பவளை ஓயாமல் மெல்லும் மிஷினுக்கு வைக்க மனம் வரவில்லை. தகட்டில் 'ஔ' அடித்தால் பாதிப்பேர் 'ஒள' என்று படிப்பார்கள் என்பது தனித் தொல்லை.

இன்னொன்றும் யோசித்தேன். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. இறந்த வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது, நாயின் பெயர் கோவிவன் என்றும் வெட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாய்க்கு வைத்த பெயர். எருது விடும் விழாவில் மைக்கில் சொல்வார்களே, அதுவும் ஒரே ஒரு காளையின் பெயர். அப்படி நான்கு மிஷினுக்கும் நான்கு பெயர் வைத்தால் என்ன என்று தோன்றியது. ஐம்பதாவது மிஷினை நினைத்தவுடன் விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் "அதை விடுங்கள்" என்று தள்ளிவிட்டதற்கு வருகிறேன். கொட்டாப்புளி என்றால் தச்சர் உளியை அடிக்கும் மரச்சுத்தி. அடிக்கிற மிஷினுக்கு அடிக்கிற கருவியின் பெயர். உள்ளே புளியும் இருக்கிறது, கொட்டையும் எட்டிப்பார்க்கிறது. ட்டாவும் ப்புவும் அடுத்தடுத்து வருவதால் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கொட்டாப்புளிய நிறுத்து, கொட்டாப்புளில போடு, கொட்டாப்புளிக்காரர் வந்துட்டார். எங்கேயும் இடிக்கவில்லை. நாளைக்கே புளியை விட்டுவிட்டாலும் சுத்தி சுத்திதானே? நான் பத்து நாள் உட்கார்ந்து யோசித்தாலும் இது வந்திருக்காது.

கேலி என்கிறீர்கள். கேலிதான். நேற்றுவரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோ கணக்கில் புளி தட்டிக் கூலி வாங்கியவர்களாக இருக்கலாம் அவர்கள். மிஷின்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கும். தங்கள் கையில் இருந்த சுத்தியைப் பிடுங்கிக்கொண்டதற்குச் சுத்தி என்றே பெயர் வைத்திருக்கிறார்களோ என்னவோ.

தகடு அடிக்குமுன் வணிகக்குறி பதிவைப் பார்த்துவிடுங்கள். இயந்திரங்கள் 7ஆம் வகுப்பில் வரும், பதிந்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். 'புளி கொட்டை நீக்கி' மாதிரி வேலையை அப்படியே சொல்லும் பெயருக்கு 1999ஆம் வருடச் சட்டப்படி பதிவு கிடைப்பது கஷ்டம். மச்சானிடம் இதையும் சொல்லலாம். மகன் மனம் கோணாமல் இருக்க அடுத்த மாடலைக் 'கொட்டாப்புளி புரோ' என்று விடுங்கள்.

அப்புறம், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதலில் சொன்னது யார் என்று தெரிந்தால் எழுதுங்கள். அவருக்காவது பெயர் போடச் சம்மதமா என்று பார்ப்போம்.

அன்புடன்