கிளி முதல் ரிவால்டோ வரை: காட்டில் விடுவது பற்றிக் கேள்வி பதில்

அடிபட்ட பறவைகள், சின்ன விலங்குகளைத் தேற்றி வெளியே விடுவது என் வேலை. யானை என் துறை இல்லை. ஆனாலும் கேட்பீர்கள்.

அக்கா, ஆறு வருஷமா பச்சைக்கிளி வளர்க்கிறோம். சட்டப்படி தப்பாமே? மொட்டை மாடியிலிருந்து பறக்க விட்டுடலாமா?

வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தப்புதான். அதற்கு மாடி பரிகாரமில்லை. விவரம் தெரியாத வயதில் நானும் அப்படி ஒன்றை விட்டேன். எதிர்வீட்டு முருங்கை வரை போனது, உட்காரத் தெரியாமல் கிளையில் தொங்கியது. காக்கைகள் சூழ்ந்தபோது அது சொன்னது, "சாப்டியா?" எடுக்கும்போது ஒரு கண் இல்லை.

இறக்கை வெட்டியிருந்தால் வெட்டிய சிறகு நீளாது. அடித்தண்டு உதிர்ந்து புதுசு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் பெரிய கூண்டில் பறந்து பறந்து நெஞ்சுச் சதை ஏற வேண்டும். நோய் இருந்தால் வெளியே உள்ள கூட்டத்துக்கும் பரவும். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

லவ் பேர்ட்ஸ்?

வெளிநாட்டுப் பறவை. விடவே கூடாது.

தோட்டத்தில் வந்த நட்சத்திர ஆமையைக் கோயில் குளத்தில் விட்டோம். புண்ணியம்தானே?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் குளத்துக்கு ஓடுங்கள். அது தரை ஆமை, மூழ்கிவிடும். ஆமை என்றாலே தண்ணீர் என்று யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ!

அணில் குட்டி கீழே விழுந்து கிடக்கு. பசும்பால் தரலாமா?

கூடாது, வயிற்றால் போகும். துணியில் பொதிந்து சூடாக்கி, சின்னக் கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டுங்கள். நீங்கள் தள்ளிப் போனால் தாய் வந்து தூக்கிப் போகும்.

மசினகுடி யானை ரிவால்டோவைக் காட்டில் விட்டார்களே, திரும்பி வந்துவிட்டதே. விடுவதே வீண்தானே?

2021 மே மாதம் வாழைத்தோட்டம் என்ற ஊரில் கராலில், அதாவது மரக்கட்டைக் கூண்டில், அடைத்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். சுமார் 40 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து வந்துவிட்டான். இதில் எது வீண்? அவன் வீட்டுக்கு வந்தான். மூன்று மாதம் கட்டையை எண்ணிக்கொண்டு நின்றவனுக்கு வழி மறக்கவில்லை. நமக்குக் காடு என்றால் எல்லாம் ஒரே பச்சை. அவனுக்கு ஒவ்வொரு ஓடையும் தெரிந்த தெரு.

தும்பிக்கையில் காயம்பட்ட ரிவால்டோவுக்கு ஊர்க்காரர்கள் பழம் கொடுத்தது தப்பா? உங்களுக்கு மனசே இல்லையா?

கராலுக்குள் அவனை வரவழைத்ததும் பழம்தான், ஐயா. கையால் தின்று பழகியது ஆளைக் கண்டால் ஒதுங்காது. என் கிளி "சாப்டியா" என்றதும் அதே பழக்கம்தான்.

அப்போ அரிசிக்காகக் கடைகளை உடைத்த கேரள யானை அரிக்கொம்பன்?

2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று கம்பம் ஊருக்குள் நின்றான். ஜூனில் மறுபடி மயக்க ஊசி போட்டு, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விட்டார்கள். இடம் மாற்றும்போது அங்கே அரிசி மணக்கிறதா, அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு மேல் யானை டாக்டர்களைக் கேளுங்கள்.

அக்கா, அணில் குட்டிக்குப் பாலில் தண்ணீர் கலந்து...

மேலே போய்ப் படிங்க.