கிழித்த கலண்டரும் சிவப்புக் கோடும்

தினம் ஒரு அரைப் போத்தல் சாராயம். வெள்ளிக்கிழமை கோயிலில் கயிறு கட்டி ஒரேயடியாக விடப்போகிறேன். குடிக்காத நாட்களை எதிலிருந்து எண்ணுவது? (மஸ்கெலியா)

எண்ணுவது அப்புறம். எத்தனை வருஷப் பழக்கம், முன்பு விட்டபோது கை நடுங்கியதா, வலிப்பு வந்ததா, ஒன்றுமே எழுதவில்லை. தினமும் இவ்வளவு குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம்; 3ஆம், 4ஆம் நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம். உயிரே போகும். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கயிறு. வலிப்பு வந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

பௌர்ணமிப் போயா நாளையும் குடிக்காத நாளாகச் சேர்க்கலாமா? (ஹட்டன்)

சேருங்கள். அன்று பார் பூட்டினாலும் கள்ளச் சாராயமான கசிப்பு பூட்டாது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

கணவர் 41 நாள் தொடவில்லை. சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்தார். கலண்டரைக் கிழித்துவிட்டேன். திரும்ப 1இலிருந்தா? (அப்புத்தளை)

மாதம் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். ஏனம்மா கிழித்தீர்கள்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த மாதத்துப் பேரையெல்லாம் (வேலை நாளையெல்லாம்) தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் வெட்டுவார்களா? 42 நாளில் 41 நல்ல நாள், அதுதான் கணக்கு. பூச்சியம் என்று சொன்னதும் மனுஷன் “போனது போச்சு” என்று அடுத்த கால் போத்தலுக்குப் போவார்.

என்னிடம் வருகிற ஒருவர் பிள்ளையின் பழைய கொப்பியில் குடிக்காத நாளுக்குப் பச்சை, குடித்த நாளுக்குச் சிவப்புக் கோடு போடுகிறார். சிவப்புக்குப் பக்கத்தில் எங்கே, யாரோடு, எவ்வளவு என்று எழுதுவார். ஆறு மாதத்தில் 5 சிவப்பு. அதில் 4, சம்பள நாளான 10ஆம் திகதி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை. அதைப் பார்த்த பிறகு 10ஆம் திகதி மகளையும் கூட்டிக்கொண்டுதான் டவுனுக்கு இறங்குகிறார். கொப்பியை அவரே எழுத வேண்டும், நீங்கள் அல்ல. ஒரு நாள் பல நாளாகி, தினக்குடியாகிவிட்டால், திரும்பவும் சொல்கிறேன், வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள்.

விட்டு 3 வாரம். இரத்த ரிப்போர்ட்டில் ஜீஜீடீ (ஈரல் நொதி) இன்னும் கூட. மனைவி நம்பவில்லை. (தலவாக்கலை)

பழைய ரிப்போர்ட் எங்கே? அது இல்லாமல் என்னத்தைச் சொல்வது? முன்பைவிட இறங்கியிருந்தால் சரி. இயல்புக்கு வர ஒன்றிரண்டு மாதம் எடுக்கும். எம்சீவிக்கு (சிவப்பணுவின் சராசரி அளவு) 3, 4 மாதம், சிவப்பணுவின் ஆயுசே சுமார் 120 நாள். ஈரலில் கொழுப்பு இருந்தாலும், சில மருந்துகளாலும் ஜீஜீடீ ஏறும். அந்த ஒரு நம்பரை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம்.

சாராயத்தை விட்டுவிட்டேன், பியர் மட்டும். பச்சைதானே? (பண்டாரவளை)

சிவப்பு. ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்று, கால் போத்தல் சாராயத்துக்குக் கிட்ட வரும்.